மணிக்கட்டுத் தாளம்

— கதவைச் சாத்திட்டுப் பேசுங்கக்கா. வெளியில வயலின்காரங்க நாலு பேரும் வில்லைத் துடைக்கிற சாக்குல காதை இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க.

— நீட்டட்டும். அவங்களுக்குத் தெரியாததையா நான் புதுசாச் சொல்லப்போறேன்? ரிக்கார்டிங் ஹால் முழுக்கத் தெரிஞ்ச சங்கதி, கட்டின பொண்டாட்டி எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது. அந்த வெந்நீரைக் கீழ வை. தொண்டையைக் கொப்பளிக்கிறேன்னு வாயை மூடிக்கிட்டுத் தப்பிக்கப் பாக்காதே.

— வெச்சுட்டேன். கேளுங்க.

— பாடும்போது என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிறியா, இல்லையா?

— பிடிச்சுக்கறேன்.

— அடேயப்பா! கொஞ்சமாவது மென்னு முழுங்குவேன்னு நெனச்சேன்.

— கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் பாத்துக்கிட்டே இருக்கார். இந்தப் பக்கம் பதினாறு வாத்தியக்காரங்க. அத்தனை பேர் முன்னாடி நடக்கிறதை மென்னு முழுங்கி என்னக்கா ஆகப்போகுது?

— சவுண்டுக்காரர் சம்சாரம்தான் சொன்னா. "உங்க வீட்டுக்காரரும் அந்தப் பாட்டுக்காரியும் ஒரே மைக் முன்னாடி ஒட்டிக்கிட்டு நிப்பாங்களாமே, அவ கை இவர் மணிக்கட்டுலயே இருக்குமாமே, இவர் கண்ணு அவ உதட்டை விட்டு நகராதாமே"ன்னு. எல்லாத்தையும் சொல்லிட்டு, "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு வேற. பின்னே எப்படி எடுத்துக்கணுமாம்?

— இருக்கறது ஒரு மைக்குதானேக்கா. ரெண்டு பேர் பாடணும்னா பக்கத்துலதான் நிக்கணும். ஒருத்தர் தாளம் தப்பினா எல்லாரும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்காகப் பிடிச்சுக்கறேன்.

— யாருக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கறே? எட்டு வயசுல மேடை ஏறினவர் அவர். கதாநாயகனா நடிச்சு, தன் பாட்டைத் தானே பாடினவர். நீ கோரஸ்ல மூணாவது வரிசையில நின்னு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர் பாட்டை ஊரே முணுமுணுத்துச்சு.

— நான் இல்லேன்னு சொல்லலையே.

— உனக்குத் தாளம்தான் வேணும்னா தபலாக்காரர் கையைப் போய்ப் பிடி.

— அவர் கையைப் பிடிச்சுட்டா அவர் எப்படிக்கா வாசிப்பார்?

— சிரிப்பு மூட்டாதே. எனக்குச் சிரிப்பு வந்தா கோபம் போயிடும். வீட்டுல இருந்து இவ்வளவு தூரம் பத்திரமாக் கொண்டு வந்திருக்கேன், வீணாக்காதே. இன்னொண்ணு கேக்கறேன். இந்த ஹால்ல ஆர்மோனியக்காரர்ல இருந்து வாசல்காரர் வரைக்கும் எல்லாரும் அவரை அண்ணன்னு கூப்பிடறாங்க. நீ மட்டும் ஏன் 'அவர்', 'அவர்'ங்கறே?

— அண்ணன்னு கூப்பிட்டுட்டுப் போய்க் காதல் பாட்டு பாடினா குரல்ல ஒட்டாதுன்னு இசையமைப்பாளர் சொன்னார்.

— ஒட்டுது, ஒட்டுது. நல்லாவே ஒட்டுது. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. செடிக்குப் பின்னாடி குந்திக்கிட்டுப் பாடினவதானே நீ?

— ஆமாக்கா. என் முதல் பாட்டு அதுதான். அப்போ பாட்டைத் தனியா எடுத்து வெச்சுக்கிற ஏற்பாடு கிடையாது. நாயகிக்குச் சுருதி சேரல. கேமராவுக்குத் தெரியாம என்னைச் செடி மறைவுல உக்கார வெச்சு, "நீ பாடு, அவங்க வாயசைப்பாங்க"ன்னாங்க. ரெண்டாவது சரணத்துல கட்டெறும்பு கணுக்காலைப் பிடிச்சுது. நிறுத்தினா ஃபிலிம் வீண். கடியோடயே பாடினேன். அந்த இடத்துல குரல் லேசா நடுங்கும். "அந்த நடுக்கத்துல என்ன சோகம்"னு பத்திரிகையில எழுதினாங்க. நாயகிக்குப் பதக்கம் கொடுத்தாங்க.

— எறும்புக்குக் கொடுத்திருக்கணும்.

— எனக்குன்னு சொல்வீங்கன்னு பாத்தேன்.

— உனக்கு எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் கிடைச்சுடுச்சே.

— எல்லாமா? பதினோரு படம் பாடினேன்க்கா. ஒரு இசைத்தட்டுல என் பேர் இல்ல. 'இளவரசி பாடியது', 'தோழி பாடியது'ன்னு போடுவாங்க. ஒரு தட்டுல 'கிளி பாடியது'ன்னு போட்டாங்க.

— கிளியா?

— படத்துல ஒரு கூண்டுக்கிளி பாடும். அதுவும் நான்தான். கிளிக்குக் கிடைச்ச மரியாதை எனக்குக் கிடைக்கல. எங்கம்மா அந்தத் தட்டை வெயில்ல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நீ பாடினதுன்னியே, எங்கடி?"ன்னாங்க. அப்புறம் ஜனங்க ரேடியோவுக்குக் கடுதாசி போட ஆரம்பிச்சாங்க, யார் இந்தக் கிளின்னு. பன்னிரண்டாவது படத்துலதான் பேர் வந்துது. அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேணும்.

— வந்துதே! எனக்கு அதுவும் வரலையே!

— உங்களுக்கு மேடையில இருந்த பேர் எங்க, நான் எங்க?

— மேடை! ஆயிரம் பேர் உக்காந்திருப்பாங்க. கடைசி வரிசையில தூங்கறவன் எழுந்து நின்னு கைதட்டுவான், அப்படி ஒரு குரல். கல்யாணத்துக்கு அப்புறமும் விடாமப் பாடினேன். அப்புறம் இந்த மைக் வந்துது. இதே ஹால்தான். நான் வாயைத் திறந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டர் முள்ளு துள்ளிச்சு. "ரெண்டடி பின்னாடி போங்க தாயே"ன்னார் சவுண்டுக்காரர். போனேன். இன்னும் ரெண்டடின்னார். போனேன். சாக்பீஸால தரையில கோடு போடுவார், அழிப்பார், போடுவார், அழிப்பார். கடைசியில வாசப்படி தாண்டி வராண்டாவுல நின்னு பாடிக்கிட்டிருக்கேன். சாரல் வேற அடிக்குது. "இப்போ கனகச்சிதம் தாயே"ன்னார். செருப்பை மாட்டிக்கிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன். அங்க இருந்து பாத்தா மைக்கைவிட வீடுதான் கிட்ட.

— இதை எனக்கு யாரும் சொன்னதில்லக்கா.

— அடுத்த மாசம் உன்னைக் கூப்பிட்டாங்க. நீ வந்தே. மைக் காதுல ரகசியம் பேசற மாதிரி முணுக்குனு பாடினே. எல்லாரும் உருகிட்டாங்க.

— அது உங்க தப்பில்ல. மைக்குக்குத் தாங்கற சக்தி...

— எனக்காகப் பரிதாபப்படாதே. உன் பரிதாபம் எனக்கு உடம்புக்கு ஒத்துக்காது. நான் விட்ட இடத்துல நீ நின்னே. சரி, குரல் இருக்கு, நின்னே. என் புருஷன் பக்கத்துலயும் நிக்கறே. ஒரு ஆளுக்கு ஒரு இடம் போதாதா?

— அவர் உங்ககிட்ட எப்படி இருக்கார்க்கா?

— நீ கேக்கறியா அதை? கூப்பிட்டாத் திரும்பறதில்ல. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன், சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். தோளைத் தொட்டாத் தூக்கிவாரிப் போடுது. எந்த உலகத்துல இருந்தாரோ! ரேடியோவைத் துணியில சுத்திப் பரண்மேல வெச்சாச்சு. நாலு பேர் வந்தா உள்ள போய்ப் படுத்துக்கறார். போன மாசம் எங்க பெரியவ, பரீட்சையில முதலாவதா வந்துட்டேன்னு மூச்சு வாங்க ஓடி வரா. "சரி சரி, அம்மாகிட்ட கேட்டு வாங்கிக்கோ"ன்னார். குழந்தை அழுதுட்டா.

— ஐயோ.

— இரு, முடியல. பத்து வருஷமா என் முகத்தையே நிமிந்து பாக்காத மனுஷன், இப்போ நான் பேசினா என் உதட்டையே பாக்கறார். பொய் சொல்வானேன், முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது. பவுடர் எல்லாம் போட்டுக்கிட்டேன். அப்புறம்தான் சவுண்டுக்காரர் சம்சாரம் சொல்றா, உன் உதட்டையும் அப்படித்தான் பாப்பாராம். இங்க பழகினதை அங்க வந்து செய்யறார்!

— அக்கா, நீங்க நெனைக்கிற மாதிரி...

— இல்லைன்னா வேற என்ன? ஒரு மனுஷன் கூப்பிட்டாத் திரும்பல, பேசினாக் கவனிக்கல. மனசு வேற ஒருத்திகிட்ட இருக்குன்னுதானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம், சொல்லு.

— நான் சொல்லக்கூடாது.

— பாத்தியா! 'இல்லை'ன்னு வரல வாயில, 'சொல்லக்கூடாது'ன்னுதான் வருது. போகட்டும். உன்கிட்ட கெஞ்சறதுக்கு நான் வரல. செஞ்சு முடிச்சாச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

— என்ன செஞ்சீங்க?

— இந்த ஸ்டூடியோ முதலாளி எனக்கு என்ன முறை, தெரியுமில்ல?

— சித்தப்பா.

— சொந்தச் சித்தப்பா. நேத்துப் போய் அவர் முன்னாடி உக்காந்து அழுதேன். "இனிமே அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாடக்கூடாது. எப்படிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது"ன்னேன். அவர் செஞ்சுட்டார்.

— தாயே, உள்ள வரலாமா? அடடே, பெரிய தாயும் இருக்கீங்களா? நான் அப்புறம் வரேன்.

— வாங்க சவுண்டுக்காரரே. உங்க புண்ணியத்துலதான் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. சம்சாரம் சௌக்கியமா?

— அவ எப்பவும் சௌக்கியம் தாயே. அவ வாய்ல விழறவங்களுக்குத்தான் கஷ்டம். பாட்டுக்காரத் தாயே, இன்னைக்கு ஒரு சின்ன மாறுதல். உங்க கோடு மைக்குக்கு இந்தப் பக்கம். அண்ணன் கோடு அந்தப் பக்கம். எதிரும் புதிருமா. புது மைக்குக்கு முன்னாடியும் பின்னாடியும் காது இருக்கு. என்னைக் கேட்டா, ஜோராப் பதிவாகும்.

— எவ்வளவு தள்ளி?

— ஆளுக்கு மூணடி. நடுவுல பாட்டுத்தாள் ஸ்டாண்டு ரெண்டு, தலை உயரத்துக்கு. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது.

— ஐயா, வேண்டாம். இன்னைக்கு மட்டும் பழைய இடத்துலயே நிக்கறோம். அடுத்த பாட்டுல இருந்து மாத்திக்கலாம்.

— முதலாளி உத்தரவு தாயே. அவரே வந்து கண்ணாடிக்குப் பின்னாடி உக்காரப்போறார். கால் மணி நேரத்துல சிவப்பு விளக்கு.

— அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?

— அண்ணன்கிட்டயா? சொன்னேனே. ஆர்மோனியப் பெட்டிமேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். தலையாட்டினார். என்னைக் கேட்டா, எதைச் சொன்னாலும் தலையாட்டற தங்கமான மனுஷன். வரேன் தாயே. பெரிய தாயே, வரேன்.

— ஏன்டியம்மா, மூணடி தள்ளி நிக்கச் சொன்னதுக்கா உனக்கு இப்படி முகம் வெளுக்குது?

— நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியலக்கா.

— தெரிஞ்சுதான் செஞ்சேன்.

— இன்னைக்குப் பாட்டுல ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் எல்லா வாத்தியமும் சட்டுனு நின்னுடும். எட்டு எண்ணிக்கைக்கு ஹால்ல மூச்சுச் சத்தம் கூட இருக்காது. ஒன்பதாவதுல அவர் தனியா எடுக்கணும். நான் அவர் கையில தட்டலேன்னா வாத்தியம் நின்னதே அவருக்குத் தெரியாது.

— பதினாறு வாத்தியம் நின்னா எப்படித் தெரியாமப் போகும்? அவர் என்ன செவிடா?

— ...

— ஏன் அப்படிப் பாக்கறே? பேசுடி. வாயைத் திறந்து பேசு.

— நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல. நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

— என்ன உளர்றே?

— கூப்பிட்டாத் திரும்பறதில்ல. பேசினாக் கவனிக்கறதில்ல. ரேடியோ பரண்மேல போயாச்சு. பேசறவங்க உதட்டையே பாக்கறார். கொஞ்சம் முன்னாடி நீங்க சொன்னதுதான்க்கா, எதுவும் நான் சேக்கல.

— பெரியவ... பரீட்சை...

— பொண்ணு எதையோ கேக்கறான்னு நெனச்சிருப்பார்.

— கடவுளே! முழுசாவா?

— வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சு, இப்போ இடது காது சுத்தமாக் கிடையாது. வலது காதுல தபலாச் சத்தமும் ஆர்மோனியத்தோட கீழ்க்கட்டையும் ஏதோ மூட்டைக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருமாம். பெட்டிமேல கையை வெச்சு அந்த அதிர்வுல சுருதி பிடிச்சுக்குவார். புது மெட்டை ஸ்வரமா எழுதி வாங்கிப் படிச்சுக்குவார். உடம்புல ஊறின பாட்டு, ஸ்வரம் விலகறதில்ல. எங்க எடுக்கணும், எங்க விடணும், அதுதான் தெரியாது. அதை என் விரல் சொல்லும்.

— அப்போ உன்கிட்ட சொல்லியிருக்கார்.

— இல்லக்கா...

— பதினாலு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ இருக்கேன். நான் என்ன சமைச்சேன், எங்க வலிக்குது, எல்லாம் கேட்டுக்கிட்டிருந்தவர். இதை என்கிட்ட சொல்லல, உன்கிட்ட சொல்லியிருக்கார்! கையைப் பிடிச்சது கூடப் பெரிசில்லடி. அது வெறும் கை. இதை நான் எப்படிப் பொறுத்துக்கறது?

— அவர் சொல்லல. சத்தியமாச் சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன். ஆறு வருஷம் முன்னாடி ஒரு ரிக்கார்டிங் நடுவுல கரண்ட் போயிடுச்சு. கும்மிருட்டு. வாத்தியக்காரங்க எல்லாரும் நிறுத்திட்டாங்க. அவர் மட்டும் பாடிக்கிட்டே இருந்தார். தமாஷ் பண்றார்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர், "அண்ணே, போதும், நாங்க கடையைச் சாத்தியாச்சு"ன்னு கத்தினார். அப்பவும் பாடினார். அடுத்த வரியை நான் பாடணும், நான் பாடல. அந்த இடத்தை விட்டுட்டு அதுக்கடுத்த தன் வரியைச் சரியா எடுத்தார்க்கா. அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. இருட்டுல கையைத் தேடிப் பிடிச்சு அழுத்தினேன். நிறுத்தினார். அந்த ஹால்ல அது எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது.

— எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

— மறுநாள் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தார். "உனக்குத் தெரிஞ்சு போச்சு. என் மனைவிக்குத் தெரியக்கூடாது, சத்தியம் பண்ணு"ன்னு.

— ஏனாம்? நான் என்ன தண்டோரா போட்டுடுவேனா? உன் சித்தப்பாகிட்ட சொல்லிடுவேன்னு பயமா?

— என் சித்தப்பா இல்லக்கா, உங்க சித்தப்பா. அந்தப் பயமும் இருந்துது. முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வாசலைக் காட்டிடுவாங்க. ஆனா அவர் எழுதினது வேற.

— என்ன எழுதினார்?

— வீட்டுல நீங்க சமையல்கட்டுல பாடுவீங்களாமே.

— பாடுவேன். அங்கதான் மைக் இல்ல.

— அப்போ அவர் எங்க நிப்பார்?

— கதவுல கையை ஊணிக்கிட்டு நிப்பார். முடியற வரைக்கும் நகரமாட்டார். நல்லா இருந்துதான்னு கேட்டா தலையாட்டுவார்.

— உங்க குரல்ல அந்தக் கதவு அதிருமாம். அது உள்ளங்கையில தெரியுமாம். எந்த இடத்துல எந்த வரின்னு கையாலயே கண்டுபிடிச்சுடுவாராம். தனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சா நீங்க பாடறதை விட்டுடுவீங்களாம். அதை மட்டும் தாங்க முடியாதுன்னு எழுதியிருந்தார். மைக் தாங்காத குரல்க்கா அது. அவருக்கு அதுதான் இன்னும் மிச்சம் இருக்கு. அழாதீங்க. அழ நேரமில்ல. போய் உங்க சித்தப்பாகிட்ட சொல்லி அந்தக் கோட்டைப் பழையபடி மாத்தச் சொல்லுங்க.

— மாத்தச் சொன்னா ஏன்னு கேப்பார். நேத்து அழுதவ இன்னைக்கு வந்து, ரெண்டு பேரையும் ஒட்டி நிக்க வைங்கன்னா, பைத்தியமான்னு கேப்பார். தோண்டித் துருவி எடுத்துடுவார் மனுஷன்.

— அப்போ என்ன செய்யறது? இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு.

— கோடு அங்கேயே இருக்கட்டும். அவர் பக்கத்துல நான் நிக்கறேன். நான் பிடிக்கறேன் அந்தக் கையை.

— நீங்களா?

— ஏன்? எனக்கு எட்டு எண்ணத் தெரியாதா? பாட்டை நேத்து முழுக்க வீட்டுல மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தார், எனக்கும் பாடம். உன் விரல் என்ன பேசும்னு மட்டும் சொல்லிக்கொடு.

— அவர் என் கைக்குப் பழகினவர்க்கா. திடீர்னு மாத்தினா...

— உன் கைக்கு ஆறு வருஷம். என் கைக்குப் பதினாலு வருஷம். கையை நீட்டு. சொல்லு.

— ஆள்காட்டி விரல் தாளம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. கட்டை விரலை அழுத்தினா, அவர் எடுக்கணும். கையை மொத்தமா எடுத்துட்டா, அவர் நிறுத்தணும். சுருதி ஒரு இழை இறங்கற மாதிரி இருந்தா முழங்கை பக்கம் தடவுங்க, ஏத்திக்குவார்.

— இப்படியா?

— ஐயோ, மாவு பிசையற மாதிரி அமுக்கறீங்களே! அவ்வளவு அழுத்தினா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்.

— நீ எப்படிப் பிடிப்பே? என் கையைப் பிடிச்சுக் காட்டு.

— இப்படி.

— இவ்வளவு மெதுவாவா?

— மெதுவாப் பிடிச்சாத்தான் வித்தியாசம் தெரியும்.

— ம்... சரி. இந்தா, இப்போ பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு...

— இப்போ சரி. மௌனத்துல எட்டு தட்டுங்க. எட்டு முடிஞ்சதும் கட்டை விரல். வளையலைக் கழட்டிடுங்க, மைக் பிடிச்சுக்கும்.

— தாயே, சிவப்பு விளக்கு போடப்போறேன். வாங்க. பெரிய தாயே, நீங்க வெளியில பெஞ்சுல உக்காருங்க.

— நான் உள்ள வரேன் சவுண்டுக்காரரே. அவர் பக்கத்துல நிக்கப்போறேன்.

— அது வழக்கமில்லையே தாயே! முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?

— என் புருஷன்மேல எனக்குச் சந்தேகம்னு உங்க வீட்டம்மா ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்காளே. கையைப் பிடிச்சுக்கிட்டுக் காவல் காக்கறேன்னு சொல்லுங்க. நம்புவார்.

— என்னைக் கேட்டா... நானே நம்பறேன் தாயே. ஆனா வாயைத் திறந்துடாதீங்க. முள்ளு உடைஞ்சுடும்.

* * *

— ஒரே டேக்! தாயே, ஒரே டேக்! எட்டு வருஷத்துல இப்படி ஒண்ணு பதிவானதில்ல. முதலாளி எழுந்து நின்னுட்டார். "அந்த மௌனத்துக்கு அப்புறம் எடுத்தாரே, எலும்புக்குள்ள போகுது"ங்கறார். பெரிய தாயே, உங்க காவல் பலமான காவல். என்னைக் கேட்டா, எல்லாப் பாட்டுக்கும் வந்துடுங்க. நான் போய்ப் பாட்டுப் பதிஞ்ச மெழுகுத் தட்டைப் பத்திரப்படுத்தறேன்.

— உக்காருங்கக்கா. வெந்நீர் குடிங்க.

— நீ பாத்தியா?

— எனக்கு என்ன தெரியும்? என் முன்னாடி ஸ்டாண்டுதான் இருந்துது.

— முதல் தட்டுலயே தெரிஞ்சுக்கிட்டார். திரும்பியே பாக்கல. நாடி மட்டும் குபுக்குனு ஒரு குதி குதிச்சுது. அப்புறம் அந்த எட்டு... ஒவ்வொண்ணா எண்ணித் தட்டினேன். கட்டை விரலை அழுத்தினேன். எடுத்தார் பாரு! கடைசி வரி முடிஞ்சு நான் கையை எடுக்கப் போனேன். விடல. இன்னொரு கையைக் கொண்டு வந்து என் கைமேல வெச்சு மூடிக்கிட்டார். விளக்கு அணையற வரைக்கும் விடல.

— மூடிக்கிட்டாரா?

— உன் கையை அப்படிப் பிடிச்சதில்லையா?

— என் கையை அவர் பிடிச்சதே இல்லக்கா. நான்தான் பிடிப்பேன்.

— வீட்டுக்குப் போய் நிறையப் பேசணும். உதட்டை நல்லா அசைச்சு அசைச்சுத் திட்டப்போறேன். இனிமே எல்லா ரிக்கார்டிங்குக்கும் நானே வந்துடறேன். உனக்கும் ஒரு சுமை குறையும்.

— ம்.

— ஒண்ணு மட்டும் கேக்கறேன். இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு பாடியிருக்கே. உன் பாட்டைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல அவர். கேட்டாப் பேச்சை மாத்திடுவார். அதுவே எனக்குப் பெரிய சந்தேகம். உன்கிட்ட என்ன சொல்லுவார்?

— சொல்ல என்ன இருக்கு? அவர் கேட்டதில்லையே.

— கேட்டதில்லையா?

— பொம்பளைக் குரல்லயே என்னை மாதிரி மெலிசுக் குரல்தான் முதல்ல போச்சாம். நான் இந்த ஹாலுக்குள்ள வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே. உங்க குரல் அவருக்கு ஞாபகத்துல இருக்கு, கதவுல இருக்கு. என்னுது எதுலயும் இல்ல. ஒரு தடவை சீட்டுல எழுதிக் கேட்டார், "உன் குரல் எப்படி இருக்கும்?"னு.

— நீ என்ன எழுதினே?

— பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் எழுத வரல. அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க.

— ஊர் உலகமே கேக்குதே உன் குரலை!

— ஊர் கேட்டு என்னக்கா பண்றது?

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்ல. அவர் காத்துக்கிட்டிருப்பார், நீங்க கிளம்புங்க.

— கிளம்பறேன். அதுக்கு முன்னாடி என்னை நேராப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடு. இத்தனை நாள் நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருந்தது எல்லாம் பொய்தானே? உன் வாயால சொல்லு. இன்னைக்காவது நிம்மதியா வீட்டுக்குப் போறேன்.

— அவரைப் பத்தி நீங்க நெனச்சது அத்தனையும் பொய்தான்க்கா. அவரைப் பத்தி நெனச்சது மட்டும்.